நீரின்றி விளைந்த கல்

பாண்டிய நாட்டின் தலைநகராகிய மதுரை, வைகைக் கரையில் வளர்ந்த மாநகரம். சங்க நூல்களுள் ஒன்றாகிய பரிபாடல், வைகையில் வரும் புதுப்புனலைப் பாடுவதற்கென்றே பல பாடல்களை உடையது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்து, மழைக்கு உரிய இடத்தை உலகுக்கு உணர்த்தினார். ஆகவே, நீரைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று.

ஆயினும், வைகை ஆண்டு முழுவதும் நீர் பெருகி ஓடும் ஆறு அன்று. மழை மிகுந்த காலத்தில் கரை தொட்டு வரும். மற்றக் காலத்தில் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். மலைக்கு அப்பால் மேற்கு நோக்கிச் சென்ற பெரியாற்றின் நீரை, பென்னிகுவிக் என்னும் பொறியாளர் அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்க வழியாக 1895-ஆம் ஆண்டில் வைகையின் பக்கம் திருப்பினார். பின்னர், 1959-ஆம் ஆண்டில் ஆண்டிபட்டியை அடுத்து வைகை அணை திறக்கப்பட்டது. மேலூர்ப் பக்கத்து வயல்கள் பெரியாற்றுக் கால்வாயால் பசுமை கண்டன. ஆனால், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மானாவாரி நிலங்கள் பல. அவை இன்றும் வானத்தையும் கண்மாயையும் நோக்கியே விளைகின்றன.

இத்தகைய நிலத்தில் பிறந்த குடும்பத் தலைவிக்கு நீரின் அளவு தெரியும். அரிசி களைந்த நீரை அவள் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். பாத்திரம் கழுவிய நீரை முருங்கை மரத்தடியில் விடுவாள். ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன், 'இதற்கு எத்துணை நீர் வேண்டும்? நீர் இல்லாமலே இது முடியுமா?' என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள். எளிய கேள்விதான், ஆனால், உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலே இக்கேள்வி எழுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அது எழுந்தபோது வேதியியலில் ஒரு புது வழி பிறந்தது. அலுமினியம் பாஸ்பேட் என்னும் பொருளால் ஆகிய நுண்துளைப் படிகங்களை நீர் ஊற்றாமலே ஆக்கும் வழியே அது.

அப்படிகங்களின் இயல்பை அறிவதற்கு முதலில் அவற்றின் மூத்த உறவினராகிய ஒரு கல்லை அறிதல் வேண்டும். சுவீடன் நாட்டில் குரோன்ஸ்டெட் என்னும் கனிம அறிஞர் இருந்தார். 1756-ஆம் ஆண்டில் அவர் ஒருவகைக் கல்லைத் தீயில் காய்ச்சினார். கல் உருகுவதற்கு முன்பே அதிலிருந்து நீராவி குமிழியிட்டு எழுந்தது. உலையில் நீர் கொதிப்பது போலக் கல் கொதித்தது! ஆகவே, 'கொதிக்கும் கல்' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து, அதற்கு 'சியோலைட்டு' என்று பெயரிட்டார். கல்லுக்குள் நீர் எங்கே இருந்தது? அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற அறைகளும் வழிகளும் இருந்தன. அவற்றுள் நீர் குடியிருந்தது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அம்மண்டபத்தில் 985 தூண்கள் வரிசை பிறழாமல் நிற்கின்றன. எந்த மூலையிலிருந்து நோக்கினும் தூண்களுக்கு இடையே நேரான வழிகள் தோன்றும். மண்டபத்தைத் தாங்குவன தூண்கள். ஆனால், மக்கள் நடப்பதும் நிற்பதும் தூண்களுக்கு இடையே உள்ள வெளியில்தான். அவ்வாறே, இக்கற்களிலும் அணுக்கள் தூண்களைப் போல ஒழுங்காக நிற்கின்றன. அவற்றின் இடைவெளியில் மூலக்கூறுகள் நடமாடுகின்றன. கோயில் வழியில் யானையும் செல்லும். இக்கல்லின் வழிகளோ ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால், அக்கூறுகளுள் ஒன்றினும் பெரும்பாலும் குறுகியவை. சிறிய மூலக்கூறு நுழையும். பெரியது வெளியே நின்றுவிடும். தவிட்டையும் மாவையும் பிரிக்கும் சல்லடையைப் போல, இக்கல் மூலக்கூறுகளைப் பிரிக்கிறது. ஆதலின், இதனை 'மூலக்கூற்றுச் சல்லடை' என்பர்.

இக்கற்களை இயற்கை எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் ஆக்கி வைத்திருக்கிறது. மராட்டிய நாட்டில் புனே, நாசிக் பக்கத்துக் கரும்பாறைகளில் அழகிய சியோலைட்டுப் படிகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பாறையின் இடுக்குகளில் சூடான நீர் நெடுங்காலம் ஊறிக் கிடந்து, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மீண்டும் படிகமாக உறையச் செய்ததன் விளைவே அவை. இயற்கை செய்ததையே மனிதனும் பின்பற்றினான். 1940-களில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பாரர், ஆய்வுக்கூடத்தில் இக்கற்களை ஆக்கும் வழியை ஆராய்ந்தார். 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மில்டன் என்பவர், இயற்கையில் இல்லாத புதுவகைச் சியோலைட்டு ஒன்றை ஆக்கினார். பெட்ரோலியம் சுத்திகரிப்பு, வாயுக்களை உலர்த்துதல், துணி சோப்புத்தூள் செய்தல் முதலிய பல தொழில்களில் சியோலைட்டுகள் இடம்பெற்றன.

இத்துறையில் இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சியோலைட்டு வினையூக்கிகள் பல உருவாகித் தொழிற்சாலைகளுக்குச் சென்றன. அப்பணியில் முன்னின்றவர் பால் இரத்தினசாமி. அவர் 1995 முதல் 2002 வரை அவ்வாய்வகத்தின் இயக்குநராக விளங்கினார். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து வேதியியலார் அலுமினியம் பாஸ்பேட் சல்லடைகளை ஆக்கி ஆராய்ந்துள்ளனர். நாகமலையை அடுத்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், சியோலைட்டின் நுண்ணறைகளுக்குள் கரிமச் சேர்மங்கள் எவ்வாறு வினைபுரிகின்றன என்பது ஆராயப்பட்டுள்ளது.

பழைய சியோலைட்டுகள் எல்லாம் அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனோடு சேர்ந்து கட்டியவை. சிலிக்கான் இல்லாமல் இத்தகைய கல்லைக் கட்ட முடியாதா என்ற ஐயம் அறிஞர் சிலருக்கு எழுந்தது. 1982-ஆம் ஆண்டில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ஆய்வாளராகிய வில்சன், பிளானிகன் அம்மையார் முதலியோர் அதற்கு விடை கண்டனர். சிலிக்கான் இருந்த இடத்தில் பாஸ்பரஸை வைத்து, அலுமினியமும் பாஸ்பரஸும் மாறி மாறி நிற்க, இடையே ஆக்சிஜன் பாலமிட்ட புதிய படிகக் குடும்பம் ஒன்றை அவர்கள் வெளியிட்டனர். அக்குடும்பத்தில் சில படிகங்களின் அமைப்பு இயற்கைச் சியோலைட்டுகளில் காணப்பெறாதது. பிளானிகன் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தில் பணியேற்றவர். அமெரிக்க வேதியியல் தொழில்துறையின் உயர்ந்த சிறப்பாகிய பெர்கின் பதக்கத்தை 1992-ஆம் ஆண்டில் பெற்றார். அதனைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

இப்படிகங்களை ஆக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கட்டடத்தில் வளைவு கட்டும் கொத்தனார், முதலில் மரத்தால் சாரம் அமைப்பார். அதன்மேல் கல்லை அடுக்குவார். கல் இறுகியபின் சாரத்தைக் களைந்துவிடுவார். வளைவும் அதன் கீழ் உள்ள வெளியும் நிலைத்து நிற்கும். அவ்வாறே, அமீன் என்னும் கரிமச் சேர்மத்தின் மூலக்கூறுகளைச் சாரமாக நிறுத்தி, அவற்றைச் சூழ்ந்து அலுமினியமும் பாஸ்பரஸும் அடுக்கிக்கொள்ளுமாறு செய்வர். படிகம் ஆனபின், ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றோட்டத்தில் சுட்டால் சாரம் எரிந்து வெளியேறும், வெற்றறைகள் எஞ்சும்.

இப்பணி முழுவதும் தொடக்கத்தில் நீரிலேயே நடைபெற்றது. அலுமினியச் சேர்மத்தையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் அமீனையும் மிகுந்த நீரில் கலந்து கூழாக்குவர். அக்கூழை உருக்குக் கலத்தில் ஊற்றி இறுக மூடி, 150 முதல் 200 பாகை வரை சூடேற்றுவர். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். மூடிய கலத்திலோ ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகும். 200 பாகையில் அது காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு ஆகிறது. அதனைத் தாங்கும் தடித்த கலம் வேண்டும். காவலும் கருத்தும் வேண்டும். கலத்தின் பெரும்பகுதியை நீரே அடைத்துக்கொள்வதால், ஒருமுறை காய்ச்சினால் கிடைக்கும் படிகமும் குறைவு.

இவை எல்லாவற்றினும் பெரிய இடர், படிகத்தை வடித்தபின் எஞ்சும் கழிவுநீரே. அதில் அமீனும் பாஸ்பேட்டும் கலந்திருக்கும். அதனைத் தூய்மை செய்யாமல் வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை மதுரை மக்களுக்கு நெடிது விளக்க வேண்டியதில்லை. பாஸ்பேட்டு பயிருக்கு உரம்; பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அதுவே உரம். சாக்கடை கலந்த நீரில் ஆகாயத்தாமரை எவ்வாறு படர்ந்து நீரை மூடிவிடுகிறது என்பதை, நகரின் எல்லைக்குள் வைகையைக் கடப்பவர் கண்டிருப்பர். வெயிலும் காற்றும் புகாத நீரில் மீன் வாழாது. அந்நீர் குடிக்க ஆகாது. நூறு குடம் நீரைச் செலவிடுவது ஓர் இழப்பு. அந்த நூறு குடமும் கழிவாகி, ஒரு கண்மாயைக் கெடுப்பது அதனினும் பெரிய இழப்பு.

'கரைவதற்கு நீர் வேண்டும். கரைந்தால்தான் படிகம் ஆகும்' என்பது வேதியியலாரின் பழைய நம்பிக்கை. பாறைப் பொந்துகளில் இயற்கை நீரைக்கொண்டு செய்தமையால், நீரின்றிச் செய்ய இயலாது என்று பலரும் எண்ணினர். அந்நம்பிக்கை மூன்று படிகளில் தளர்ந்தது.

முதற்படி, நீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தைக் கொள்வது. 1985-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டு அறிஞராகிய பிபியும் டேலும், எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் சோடலைட்டு என்னும் படிகத்தை ஆக்கிக் காட்டினர். அவ்வழியைப் பின்பற்றிச் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் சூ ரூரென் என்பாரும் அவர்தம் குழுவினரும், கிளைக்கால் வகைத் திரவங்களில் அலுமினியம் பாஸ்பேட் படிகங்களை ஆக்கினர். 1992-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட படிகம் ஒன்றன் வாயிலைச் சுற்றி அலுமினியமும் பாஸ்பரஸுமாக 20 அணுக்கள் வளையமிட்டு நின்றன. அத்துணை அகன்ற வாயில் அந்நாளில் பெருவியப்பாய் இருந்தது. எனினும், நீரின் இடத்தில் மற்றொரு திரவம் அமர்ந்ததேயன்றி, மிகுந்த திரவம் வேண்டும் என்னும் வழக்கம் மாறவில்லை.

இரண்டாம் படி, உப்பையே திரவமாக்கிக்கொள்வது. சமையல் உப்பு உருகுவதற்கு 801 பாகை வெப்பம் வேண்டும். ஆனால், சிலவகைக் கரிம உப்புகள் 100 பாகைக்கும் கீழே உருகிவிடும். அவற்றை 'அயனி நீர்மம்' என்பர். பெயரில் நீர் இருப்பினும் பொருளில் நீர் இல்லை. அது முழுவதும் அயனிகளால் ஆகியது. 2004-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், இத்தகைய நீர்மத்தில் அலுமினியம் பாஸ்பேட் படிகங்களை விளைவித்தனர். ஒரே நீர்மம் கரைப்பானாகவும் சாரமாகவும் நின்று இரு பணியும் செய்தது. அந்நீர்மம் எளிதில் ஆவியாகாது. ஆதலின், பேரழுத்தம் எழவில்லை. தடித்த உருக்குக் கலம் இன்றியமையாததாய் இருந்த நிலை மாறியது.

அக்குழுவினர் மற்றொரு வகைக் கலவையையும் கையாண்டனர். கோலின் குளோரைடு என்னும் உப்பு 302 பாகையில் உருகுவது; வயலுக்கு இடும் யூரியா 133 பாகையில் உருகுவது. இரண்டும் திண்மங்களே. ஆயினும், கோலின் குளோரைடு ஒரு பங்கும் யூரியா இரு பங்கும் மூலக்கூற்றுக் கணக்கில் சேர்ந்தால், அக்கலவை 12 பாகையிலேயே உருகிவிடும். மதுரை வெயிலில் அது எந்நாளும் திரவமே. திண்மம் இரண்டு சேர்ந்து திரவம் ஆவது கேட்பவர்க்கு வியப்பாய்த் தோன்றலாம். ஆனால், தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைக்கு இது பழகிய செய்தி.

மதுரையில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆசிரியர் இதனை மாணவர்க்கு விளக்க விரும்பினார். மாசி வீதிக் கடையில் ஓம உப்பும் புதினா உப்பும் வாங்கி வந்தார். பெயரில் உப்பு ஆயினும், அவை உண்மையில் ஓமத்திலும் புதினாவிலும் உள்ள மணப்பொருள்கள். இரண்டும் உலர்ந்த வெண்படிகங்கள். அவற்றைச் சிறு கல்வத்தில் இட்டு, ஒரு மாணவனை அழைத்து அரைக்கச் சொன்னார். நீர் ஒரு துளியும் சேர்க்கவில்லை. சிறிது நேரத்தில் படிகங்கள் கசிந்தன. பின்னர் எண்ணெய் போல் இளகி ஓடின. வகுப்பு முழுவதும் மணம் பரவியது.

உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, இவ்வாறு நீர் இல்லாமலே செய்யலாம் என்றால், எங்கள் ஊரைப் போன்ற இடத்திலும் இத்தொழிலைத் தொடங்கலாம் அல்லவா? எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். தொழிற்சாலை வந்தால் அதுவும் போய்விடுமே என்று ஊரார் அஞ்சுகிறார்கள்" என்றாள்.

ஆசிரியர் உடனே 'ஆம்' என்று சொல்லிவிடவில்லை. "நல்ல கேள்வி, அம்மா. ஆனால், ஒன்றை மறவாதே. 'நீர் வேண்டாம்' என்று யாரேனும் சொன்னால், எந்த இடத்தில் வேண்டாம், எந்த இடத்தில் வேண்டும் என்று தனித்தனியே கேள். காய்ச்சும்போது வேண்டாத நீர், கழுவும்போது வேண்டியதாய் இருக்கலாம். கணக்கு முழுவதையும் பார்த்த பின்பே உன் ஊரார்க்கு விடை சொல்" என்றார். மாணவி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் படியில் திரவமே விலக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டில் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சியாவ் என்பாரும் அவர்தம் மாணவரும், திண்மப் பொருள்களை ஒன்றாக அரைத்து, மூடிய கலத்தில் இட்டுச் சூடேற்றியே சியோலைட்டுகளை ஆக்கினர். அடுத்த ஆண்டாகிய 2013-இல், சிலிக்கானும் சேர்ந்த அலுமினியம் பாஸ்பேட் படிகங்களை அவ்வாறே ஆக்கிக் காட்டினர். மாவு அரைப்பது போன்ற எளிய வேலையிலே பணி தொடங்குகிறது; கூழும் இல்லை, கரைசலும் இல்லை. அரைத்த தூள் 200 பாகையளவு வெப்பத்தில் தனக்குள்ளே உருமாறிப் படிகம் ஆகிறது.

இது எவ்வாறு கூடும்? கீரை சமைக்கும் பெண்களைக் கேட்டால் விடை கிடைக்கும். முளைக்கீரையை அடுப்பில் ஏற்றுபவர் நீர் மிகுதியாக ஊற்றுவதில்லை. கீரை தன்னுள் இருக்கும் நீரிலேயே வெந்துவிடும். மூடி வைத்தால் அந்த ஈரமும் வெளியே போகாது. அத்தன்மையதே இவ்வினையும். அலுமினியமும் பாஸ்பரஸும் ஆக்சிஜன் பாலத்தால் இணையும்போது, அவற்றோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராய்ப் பிரிகின்றன. ஒவ்வொரு பாலம் அமையும்போதும் ஒரு நீர் மூலக்கூறு பிறக்கிறது. வெளியிலிருந்து ஊற்றாவிடினும், வினையே தனக்கு வேண்டிய ஈரத்தைத் தந்துகொள்கிறது. மூலப்பொருள்கள் சிலவும் தமக்குள் நீரைக் கட்டி வைத்திருக்கின்றன. 2012-ஆம் ஆண்டுச் சோதனையில் கையாளப்பெற்ற சோடியம் சிலிக்கேட்டுப் படிகத்தில் ஒவ்வொரு கூற்றோடும் ஒன்பது நீர் மூலக்கூறுகள் பிணைந்திருந்தன.

ஆதலின், 'நீரின்றி' என்னும் சொல்லை அதன் உண்மையான அளவிலேயே கொள்ளுதல் வேண்டும். கரைப்பானாக நீரை ஊற்றவில்லை என்பதே அதன் பொருள். நீரின் நிழலும் அங்கு இல்லை என்பது பொருள் அன்று. அயனி நீர்ம முறையிலும், கடையில் வாங்கும் பாஸ்பாரிக் அமிலத்தில் நூற்றுக்கு 15 பங்கு நீர் இருப்பதுண்டு. அச்சிறிதளவு நீர் படிகம் விரைந்து விளையத் துணைபுரிகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆய்வாளர் இதனை மறைக்கவில்லை. எத்துணை நீர் வினைக்கு உதவுகிறது, எத்துணை நீர் வெறும் வழக்கத்தால் ஊற்றப்படுகிறது என்று அளந்து பார்த்தனர். ஊற்றியதில் மிகப் பெரும்பகுதி வழக்கத்தைச் சேர்ந்தது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இப்புதுமுறையால் வைகை நிறைந்து ஓடும் என்று யாரும் சொல்லார். பயிர்த்தொழில் கொள்ளும் நீரோடு ஒப்பிட்டால், இக்கற்களை ஆக்கச் செலவாகும் நீர் மிகச் சிறிது. படிகத்தைக் கழுவித் தூய்மை செய்வதற்கு இன்றும் நீர் வேண்டியிருக்கிறது. அயனி நீர்மங்களின் விலையும் குறைவன்று; அவற்றை மீட்டு மீண்டும் கையாண்டாலன்றித் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. சாரத்தைச் சுட்டு நீக்குவதற்கு வெப்பச் செலவும் உண்டு. ஆயினும், மூன்று நன்மைகள் ஐயமற்றவை. பேரழுத்தத்தால் விளையும் இடர் குறைகிறது. ஒரே கலத்தில் முன்னினும் மிகுந்த படிகம் கிடைக்கிறது. அமீனும் பாஸ்பேட்டும் கலந்த கழிவுநீர் பெரிதும் குறைகிறது. கண்மாயும் கிணறும் உடைய ஊருக்கு இம்மூன்றாம் நன்மையே முதல் நன்மையாகும்.

இவ்வாறு ஆக்கப்பெறும் கல்லால் உலகுக்குப் பயன் என்ன? சிலிக்கான் சிறிது சேர்ந்த அலுமினியம் பாஸ்பேட் வகை ஒன்று, மெத்தனாலிலிருந்து எத்திலீன், புரொப்பிலீன் என்னும் வாயுக்களை ஆக்கும் வினைக்கு ஊக்கியாகிறது. அம்முறையில் பெரிய தொழிற்சாலை ஒன்று 2010-ஆம் ஆண்டில் சீனாவின் பாவ்டோ நகரில் இயங்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் பொருள்களுக்கு அவ்வாயுக்களே மூலம். அப்படிகத்தின் வாயில் ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் பாதியினும் குறைவு; ஆதலின், சிறிய மூலக்கூறுகள் மட்டுமே வெளியேற முடிகிறது.

மற்றொரு பயன் இன்னும் வியப்புடையது. இவ்வகைப் படிகங்கள் சில, காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சுகின்றன. தம் எடையில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேலாக நீரைத் தம் அறைகளில் ஏற்றுக்கொள்கின்றன. உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்படும். பின்னர் அவற்றைக் கொதிநீரின் வெப்பத்திற்கும் குறைந்த அளவில் சூடேற்றினாலே நீரை விட்டுவிடும்; மீண்டும் உறிஞ்சுவதற்கு ஆயத்தமாகும். கோடையில் வெயிலின் வெப்பத்தால் உலர்த்திச் சேமித்த கல், வேண்டிய காலத்தில் ஈரம் பட்டதும் அவ்வெப்பத்தைத் திருப்பித் தரும். சுலோவீனியா நாட்டு ஆய்வாளர் 2017-ஆம் ஆண்டில், அலுமினியம் பாஸ்பேட் படிகம் ஒன்று இப்பணிக்கு மிகவும் ஏற்றது என்று கண்டனர். இதே இயல்பைக்கொண்டு, மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடாமல் காற்றைக் குளிர்விக்கும் பொறிகளும் செய்யப்பட்டுள்ளன. வெயிலுக்குக் குறைவில்லாத மதுரைச் சமவெளிக்கு இப்பொருள் அயலானது அன்று. நீர் ஊற்றாமல் ஆக்கவல்ல ஒரு கல், நீரைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமாய் அமைவது எத்துணைப் பொருத்தம்!

இப்பணியைச் செய்தவர் ஒரு நாட்டினர் அல்லர். ஒரு காலத்தினரும் அல்லர். சுவீடனில் ஒருவர் கல்லைக் காய்ச்சினார். அமெரிக்காவில் ஓர் அம்மையார் அதன் குடும்பத்தை விரிவாக்கினார். நியூசிலாந்திலும் சீனாவிலும் ஸ்காட்லாந்திலும் சிலர் நீரைப் பற்றிய பழைய நம்பிக்கையைச் சோதித்தனர். நம்பிக்கையைப் பழித்து அவர்கள் தொடங்கவில்லை. நீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று செய்து பார்த்தே தொடங்கினர். பல முறை தவறியிருக்கும். தூள் தூளாகவே கிடந்திருக்கும். ஒருநாள் கலத்தைத் திறந்தபோது படிகம் மின்னியது.

அறிவியல் பயிலும் இளைஞர் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு செயலை நெடுங்காலம் ஒரே வகையில் செய்து வந்தால், அவ்வகையே இயற்கையின் சட்டம் என்று மனம் எண்ணிவிடும். எது சட்டம், எது வழக்கம் என்று பிரித்துக் காண்பவரே புதுவழி காண்பர். அவ்வாறு பிரிப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 'இதற்கு எத்துணை வேண்டும்?' என்னும் கேள்வியும், விடை வரும்வரை அளந்து பார்க்கும் பொறுமையும் போதும். அக்கேள்வியை அடுப்பங்கரையில் கேட்டால் ஒரு குடம் நீர் மிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் கேட்டால் ஒரு கண்மாய் கெடாமல் காக்கப்படும். நீர் அரிதாகிய நாட்டில் பிறந்தவர்க்கு அக்கேள்வி இளமையிலேயே பழக்கமாகிறது. அதனைக் குறையென்று எண்ணாமல், தம் அறிவுக்குக் கிடைத்த முதற்கருவி என்று அவர்கள் போற்றுவார்களாக!